மனக்காயத்துக்குச் சான்று எழுதுவது யார்?

ஒரு வன்கொடுமை நடந்தால் முதலில் அடிபட்டவரைத் தூக்கிக்கொண்டு அரசு மருத்துவமனைக்கு ஓடுகிறோம். பணியில் இருக்கும் மருத்துவர் காயத்தைப் பார்க்கிறார், அளக்கிறார், எழுதுகிறார். இடது முன்கையில் இத்தனை சென்டிமீட்டர் வெட்டு, முதுகில் கன்றிய தடம், எலும்பு முறிந்ததா இல்லையா, சிறு காயமா கொடுங்காயமா என்று குறிக்கிறார். அந்தத் தாளுக்குக் காயச் சான்று என்று பெயர். வழக்கு நிற்பதும் விழுவதும் பல நேரங்களில் அந்த ஒற்றைத் தாளில்தான் இருக்கிறது. கறம்பக்குடியிலிருந்தோ கந்தர்வகோட்டையிலிருந்தோ வழக்குக்காக அலைந்த எவரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்.

அடி விழாத வன்கொடுமைகளுக்கு இந்தத் தாள் உதவாது. சாதிப் பெயரைச் சொல்லித் திட்டியதற்கு எத்தனை சென்டிமீட்டர்? டீக்கடையில் தனிக் குவளையை நீட்டியதற்கு எந்த இடத்தில் தழும்பு? பள்ளிக் கழிப்பறையைக் கழுவச் சொன்னதால் மறுநாள் முதல் பள்ளிக்கே போகமாட்டேன் என்று மூலையில் உட்கார்ந்துகொள்ளும் பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால், "காயம் எதுவும் இல்லை" என்றுதான் எழுத முடியும். அந்த வரியைக் காட்டித்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பிணை கேட்பார். இதுவும் நமக்குத் தெரிந்த கதைதான்.

ஆனால் சட்டம் நாம் நினைப்பதைவிட ஒரு படி முன்னே போயிருக்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு 2015இல் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். 2016 ஜனவரி 26 முதல் அது நடப்பில் இருக்கிறது. அதில் "பாதிக்கப்பட்டவர்" யார் என்று விளக்கம் சொல்கிற இடத்தில், உடலுக்கு வந்த தீங்கோடு மனதுக்கும், உளவியல் நிலைக்கும், உணர்வுக்கும் வந்த தீங்கையும் சேர்த்தே சொல்லியிருக்கிறார்கள். அப்படியென்றால் மனக்காயமும் சட்டத்தின் கண்ணில் காயம்தான். ஆனால் அந்தக் காயத்தை அளந்து, எழுதி, கையெழுத்துப் போட்டு, நீதிமன்றத்தில் கூண்டில் ஏறி நின்று பேசப்போவது யார்?

அதற்கென்று படித்தவருக்கு மருத்துவ உளவியலாளர் என்று பெயர். இந்தப் பெயர் நம் கிராமங்களுக்குப் புதிது. மனநல மருத்துவர் வேறு, இவர் வேறு. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து அதற்குமேல் மனநலத்தில் பட்டமேற்படிப்பு படித்தவர்; மாத்திரை எழுதுவார். மருத்துவ உளவியலாளர் மாத்திரை எழுதமாட்டார். எதிரே இருப்பவரைப் பேசவைப்பார், கேட்பார், அதற்கென வகுத்த சோதனைகளை நடத்துவார், மனநிலையை மதிப்பிட்டு அறிக்கை எழுதுவார். பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை தருவார். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கான முகாமில், பிள்ளையை எதிரே உட்காரவைத்துக் கட்டைகளை அடுக்கச் சொல்லி, படங்களைக் காட்டிக் கேள்வி கேட்டு, அறிவுத்திறன் மதிப்பெண் போடுவாரே, அவரை நம் தாய்மார்கள் பார்த்திருப்பார்கள். அது இந்தத் துறையின் வேலைதான்.

மனம் சம்பந்தப்பட்ட எதுவும் நம்மிடம் கயிற்றில்தான் முடிகிறது. பிள்ளை பேசாமல் இருக்கிறதா, பயந்துபோயிருக்கிறது, மந்திரித்துக் கயிறு கட்டு. பெண் ராத்திரி எழுந்து அழுகிறாளா, காத்து கருப்பு அண்டியிருக்கிறது, வேப்பிலை அடி. அதற்குமேல் முற்றினால் குணசீலம், இல்லையென்றால் ஏர்வாடி. அதே ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் கட்டிவைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். நம் பக்கத்து மாவட்டத்தில் நடந்தது. கயிறும் சங்கிலியும் தவிர வேறொன்று நம் ஊர்களுக்கு வந்து சேரவில்லை என்பதன் விலை அது.

வேங்கைவயலுக்கு வருவோம். 2022 டிசம்பர் இறுதியில், முத்துக்காடு ஊராட்சியைச் சேர்ந்த அந்தக் குடியிருப்பில் பிள்ளைகளுக்கு உடம்புக்கு முடியாமல் போனது. மருத்துவமனையில் குடிநீரைப் பாருங்கள் என்றார்கள். மேல்நிலைத் தொட்டியில் ஏறிப் பார்த்தபோது மனித மலம் கிடந்தது. அதன்பிறகு தண்ணீர் மாதிரி எடுத்தார்கள். டிஎன்ஏ சோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். சி.பி.சி.ஐ.டி. வந்தது. ஓய்வுபெற்ற நீதிபதி எம். சத்தியநாராயணன் தலைமையில் ஒருநபர் ஆணையத்தை உயர் நீதிமன்றம் அமைத்தது. 2025 ஜனவரியில் தாக்கலான குற்றப்பத்திரிகையோ அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த மூன்று பேர் மீதே குற்றம் சுமத்தியது. அந்த மக்கள் அதை ஏற்கவில்லை. வழக்கு நீதிமன்றத்தில் இருக்கிறது. அதன் உள்ளே நாம் இங்கே போகவில்லை.

நாம் கேட்க விரும்புவது வேறு. இத்தனை நாள் தாங்கள் குடித்தது என்ன, பிள்ளைகளுக்கு ஊட்டியது என்ன என்று தெரிந்த அந்த நொடியில் ஒரு தாய்க்குள் என்ன நடந்திருக்கும்? புதுத் தொட்டி கட்டிய பிறகும் குழாயைத் திறக்கும்போது அந்தப் பிள்ளைக்கு என்ன தோன்றும்? ஊர் முழுக்கக் கேமராவோடு நிற்கும்போது, பாதிக்கப்பட்டவர்களே சந்தேகத்துக்கு ஆளாகும்போது, அந்தத் தெருவின் இளைஞன் எப்படித் தூங்குவான்? ரத்தத்தைச் சோதிக்க ஆய்வகம் இருக்கிறது. இந்தக் கேள்விகளைச் சோதிக்கிற ஆய்வகம் நம் மாவட்டத்தில் எங்கே?

இப்படிப்பட்ட காயத்தை அளக்க முடியுமா, அளந்ததை ஒரு நீதிமன்றம் ஏற்குமா என்று சிலர் கேட்கலாம். ஏற்றிருக்கிறது. அதைத் தொடங்கிவைத்தவர் ஒரு மாணவி. அவர் பெயர் மேமி ஃபிப்ஸ் கிளார்க். நம் கல்லூரிப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், இவர் வாழ்க்கையைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

அமெரிக்காவின் தென்பகுதியில், அர்க்கன்சா மாநிலத்து ஹாட் ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் 1917இல் பிறந்தார். கறுப்பினக் குடும்பம். அப்பா மருத்துவர், வீட்டில் பசி இல்லை. ஆனாலும் பள்ளி தனிப் பள்ளிதான். கறுப்பர் பிள்ளைகளுக்கு ஒன்று, வெள்ளையர் பிள்ளைகளுக்கு ஒன்று. பணம் இருந்தாலும் ஊர்ப் பொதுக்கிணற்றில் இறங்க முடியாத நிலை என்றால் நமக்குப் புரியும். 1934இல் வாஷிங்டனில் உள்ள ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில் கணிதம் படிக்கச் சேர்ந்தார். அங்கே கென்னத் கிளார்க் என்ற உளவியல் மாணவர் பழக்கமானார். குழந்தைகளோடு வேலை செய்ய ஆசை என்றால் உளவியலுக்கு வா என்று அவர்தான் இழுத்தார். பின்னால் இருவரும் மணந்துகொண்டார்கள்.

1938இல் பட்டம் முடித்த கோடையில் மேமி ஒரு வழக்கறிஞர் அலுவலகத்தில் செயலாளராக வேலைக்குப் போனார். வில்லியம் ஹூஸ்டன் என்பவரின் அலுவலகம். நிறப் பிரிவினைச் சட்டங்களை எப்படி உடைப்பது என்று கறுப்பின வழக்கறிஞர்கள் கூடிப் பேசுகிற இடம் அது. பிற்காலத்தில் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியான தர்குட் மார்ஷலும் அங்கே வந்து போனவர். தட்டச்சு செய்துகொண்டு, கோப்பு அடுக்கிக்கொண்டு, அந்தப் பெண் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். முதுகலை ஆய்வுக்கு என்ன தலைப்பு எடுப்பது என்ற குழப்பம் அந்தக் கோடையோடு தீர்ந்தது. கறுப்பினக் குழந்தைக்குத் தான் கறுப்பு என்பது எந்த வயதில் தெரிகிறது, தெரியும்போது அதற்குள் என்ன ஆகிறது என்பதே தலைப்பு. 1939இல் அந்த ஆய்வை முடித்தார்.

அதன்பிறகு கணவனும் மனைவியும் சேர்ந்து அந்த ஆய்வைப் பெரிதாக்கினார்கள். ரோசன்வால்ட் அறக்கட்டளையின் உதவித்தொகை கைகொடுத்தது. நான்கு பொம்மைகளை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு வெள்ளை, இரண்டு பழுப்பு. நிறம் தவிர வேறு வித்தியாசம் இல்லை. மூன்று வயது முதல் ஏழு வயது வரை 253 கறுப்பினக் குழந்தைகள். பிரித்துவைத்த பள்ளிகளில் படித்தவர்கள் பாதி, கலந்து படித்தவர்கள் பாதி என்று ஏறக்குறைய வைத்துக்கொள்ளலாம். விளையாடப் பிடித்த பொம்மையைக் கொடு. நல்ல பொம்மை எது. பார்க்க மோசமாக இருப்பது எது. மூன்றில் இரண்டு பங்குக் குழந்தைகள் விளையாட வெள்ளைப் பொம்மையை எடுத்தார்கள். மோசமானது என்று பாதிக்கும் மேற்பட்டோர் பழுப்புப் பொம்மையைக் காட்டினார்கள். கடைசியில் கேட்டது: உன்னைப்போல இருக்கும் பொம்மை எது? சில குழந்தைகள் அந்தக் கேள்விக்கு அழுதுகொண்டு அறையை விட்டே ஓடினார்கள்.

இதைப் படிக்கும்போது நம் பிள்ளைகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. "உன் தெரு எது?" என்று வகுப்பில் கேட்டால் அடுத்த தெருவின் பெயரைச் சொல்கிற பிள்ளை நம் எல்லா ஊரிலும் உண்டு.

மேமி முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தது நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில். இந்தப் பெயரைக் கேட்டதும் நம்மவர்களுக்கு அண்ணல் நினைவு வரும். பரோடா மன்னரின் உதவித்தொகையோடு 1913இல் அம்பேத்கர் போய்ச் சேர்ந்ததும் அதே கொலம்பியாதான். சரியாக 30 ஆண்டுகள் கழித்து, 1943இல், மேமி அங்கே உளவியலில் முனைவர் ஆனார். கொலம்பியாவில் அந்தத் துறையில் முனைவர் பட்டம் பெற்ற முதல் கறுப்பினப் பெண் அவர். அவருக்கு முன்னால் கறுப்பினத்தவர் என்றால் அவர் கணவர் ஒருவர் மட்டுமே. படிக்கிற காலத்திலேயே இரண்டு பிள்ளைகளுக்கும் தாய். இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருடைய முனைவர் ஆய்வு பொம்மைகளைப் பற்றியது இல்லை. வயது ஏற ஏற மனத்திறன்கள் எப்படி மாறுகின்றன என்பதைப் பற்றியது. அவருக்கு நெறியாளராக இருந்தவர் ஹென்றி காரெட், இனங்களுக்கு இடையே பிறப்பிலேயே அறிவு வித்தியாசம் உண்டு என்று நம்பியவர். அப்படிப்பட்டவரிடம் உட்கார்ந்து, புள்ளியியலைப் பழுதில்லாமல் கற்றுக்கொண்டு, பட்டத்தோடு வெளியே வந்தார்.

பட்டம் வாங்கியதும் கதவு திறந்துவிடவில்லை. கறுப்பினப் பெண்ணுக்கு உளவியல் வேலை யார் தருவார்? தகுதிக்குக் குறைந்த தரவு வேலைகளைச் செய்தார். வீடற்ற கறுப்பினச் சிறுமிகள் தங்கும் இல்லம் ஒன்றில் சோதனைகள் நடத்தினார். அங்கேதான் அவருக்குத் தெரிந்தது, இந்தப் பிள்ளைகளின் மனதைப் பார்க்க நியூயார்க் நகரத்தில் இடமே இல்லை என்று. 1946இல், தன் அப்பாவிடம் 946 டாலர் கடன் வாங்கி, ஹார்லெம் பகுதியில் ஒரு கட்டடத்தின் அடித்தளத்தில் குழந்தைகளுக்கான நார்த்சைடு மையத்தைத் தொடங்கினார். பள்ளிகள் "மூளை வளர்ச்சி குறைந்தவர்கள்" என்று முத்திரை குத்தி ஒதுக்கிய கறுப்பினப் பிள்ளைகளைப் பெற்றோர் அங்கே அழைத்து வந்தார்கள். முறையாகச் சோதித்தபோது அவர்களில் பலருக்கு அப்படி ஒரு குறையும் இல்லை. முத்திரைதான் தப்பு.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். நம் ஊர்ப் பள்ளிகளில் "மக்கு" என்று பின்வரிசைக்குத் தள்ளப்படும் பிள்ளைகள் யார் வீட்டுப் பிள்ளைகள்? அறிவுத்திறன் பார்க்க நம் நாட்டில் பல காலமாகப் பயன்படும் சோதனைகளில் ஒன்று பினே-காமத் சோதனை. 1930களில் கன்னட, மராத்திக் குழந்தைகளை வைத்து வகுக்கப்பட்டது. அது பயனற்றது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் செங்கல் சூளையில் ஆறு மாதம், பள்ளியில் ஆறு மாதம் என்று வளர்கிற பிள்ளைக்குக் கேள்வியின் மொழி புரியாததால் மதிப்பெண் குறைந்ததா, திறமை இல்லாததால் குறைந்ததா என்பதைப் பிரித்துப் பார்க்கும் கண் ஒன்று வேண்டும். அந்தப் பிள்ளையின் பேச்சுத்தமிழ் தெரிந்தவருக்குத்தான் அந்தக் கண் இருக்கும்.

நீதிமன்றக் கதைக்கு வருவோம். பள்ளிகளில் நிறப் பிரிவினையை எதிர்த்த வழக்குகள் 1950களின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் நடந்தன. பிரித்துவைப்பது குழந்தையின் மனதைக் காயப்படுத்துகிறது என்பதற்குச் சாட்சி சொல்ல கென்னத் கிளார்க் போனார். வெர்ஜீனியா மாநில வழக்கில் அரசுத் தரப்பு ஒரு பெரிய பேராசிரியரைக் கூண்டில் ஏற்றியது. பிரித்துவைத்தால் தீங்கு இல்லை என்று சாட்சி சொன்ன அவர் வேறு யாரும் இல்லை, ஹென்றி காரெட். அவருக்கு மறுப்புச் சாட்சி சொல்ல மேமி கூண்டில் ஏறினார். தன் நெறியாளருக்கு எதிராக, அவரிடமே கற்ற துறையின் மொழியில் பேசினார். 1954 மே 17 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம், பிரவுன் வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாக, பள்ளிகளில் பிரித்துவைப்பது சட்டவிரோதம் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பின் அடிக்குறிப்பு ஒன்றில் கென்னத் கிளார்க்கின் ஆய்வறிக்கை இடம்பெற்றது. அந்த ஆய்வின் வித்து மேமியின் முதுகலைக் கட்டுரை. இவ்வளவு பெரிய வழக்கில் மனதுக்கான காயச் சான்றை எழுதிக் கொடுத்தது ஒரு கல்லூரி மாணவியின் தலைப்பு.

பொம்மைச் சோதனையைப் பின்னாளில் பலர் குறை சொன்னார்கள். முறையில் ஓட்டை என்றார்கள் சிலர். கறுப்பர்களை உடைந்துபோனவர்களாகக் காட்டுகிறது என்றார்கள் வேறு சிலர். முதல் குறையை ஆய்வாளர்கள் பேசிக்கொள்ளட்டும். இரண்டாவது நமக்கும் உரைக்க வேண்டியது. சேரியை ஒரு நோயாளி வார்டாகப் பார்க்கிற உளவியல் நமக்கு வேண்டாம். இத்தனை இழிவுக்கு நடுவிலும் படித்து, பாடி, வழக்கு நடத்தி, சிரித்து வாழ்கிற மக்களிடம் மனவலிமையைப் பற்றிக் கற்றுக்கொள்ளத்தான் நிறைய இருக்கிறது. அண்ணல் சிறுவயதில் பள்ளியில் தனிச் சாக்கில் உட்கார்ந்தவர். பியூன் வந்து தூக்கி ஊற்றினால்தான் தண்ணீர், பியூன் வராத நாளில் தண்ணீர் இல்லை. அந்தக் காயத்தை அவரே பிற்காலத்தில் எழுதிவைத்தார். காயம்பட்டவர் வேறு, நோயாளி வேறு.

அப்படியானால் நோய் எங்கே இருக்கிறது? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு பட்டியலின மாணவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் அவனோடு பள்ளியில் படித்த பிள்ளைகள். தடுக்க வந்த தங்கையையும் வெட்டினார்கள். வெட்டுப்பட்ட மாணவன் கை தேறி, தேர்வெழுதி, அடுத்த ஆண்டே பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண்ணோடு தேறினான். வெட்டிய பிள்ளைகளின் மனதுக்குள் அந்த வெறி எப்படி ஏறியது, வீட்டில் யார் ஊட்டினார்கள், கையில் கட்டிய வண்ணக் கயிறு அதில் என்ன வேலை செய்தது என்பதுதான் ஆராயப்பட வேண்டியது. அந்தச் சம்பவத்துக்குப் பின் அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதிக் கயிறுகளைத் தடுக்கச் சொன்னதைப் பற்றி ஊரெல்லாம் சண்டை போட்டார்கள். அதே அறிக்கை, 500 மாணவர்களுக்கு மேல் படிக்கும் பள்ளிகளில் நல அலுவலர் ஒருவரை அமர்த்தச் சொன்னதை யாரும் பேசவில்லை. மருத்துவ உளவியலாளர் நம் தெருவுக்கு வருவதைவிட ஊர்த்தெருவுக்குப் போவது அவசரம் என்றுகூடச் சொல்லலாம்.

சரி, நம் மாவட்டத்துப் பெண்ணொருத்தி, அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்தவள், இந்தப் படிப்பில் முனைவர் ஆக வேண்டும் என்றால் என்ன வழி? ஏணி நீளமானது. உளவியலில் இளங்கலை மூன்று ஆண்டு, முதுகலை இரண்டு ஆண்டு. இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். முதுகலை உளவியல் முடித்தாலோ, ஏன், உளவியலில் முனைவர் பட்டமே வாங்கினாலோகூட மருத்துவ உளவியலாளர் ஆகிவிட முடியாது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இதைத் தெளிவாக வரையறுத்திருக்கிறது. இந்திய மறுவாழ்வுக் குழுமம் (ஆர்.சி.ஐ.) ஏற்ற நிறுவனத்தில், மருத்துவமனைப் பயிற்சியோடு கூடிய முழுநேரப் படிப்பு முடித்து, குழுமத்தில் பதிவு செய்ய வேண்டும். இதுவரை அந்தப் படிப்பு இரண்டாண்டு எம்.ஃபில். தேசியக் கல்விக் கொள்கையில் எம்.ஃபில். பட்டத்தையே எடுத்துவிட்டார்கள். மருத்துவ உளவியலுக்கு 2025-26 சேர்க்கை வரை பல்கலைக்கழக மானியக் குழு விலக்கு கொடுத்தது. இனி அந்த இடத்தில் மருத்துவ உளவியல் எம்.ஏ., சை.டி. என்று புதுப் படிப்புகள் வருகின்றன. ஆகவே எங்கே சேர்வதானாலும் அந்த நிறுவனம், அந்தப் படிப்பு, அந்த ஆண்டு மூன்றுக்கும் ஆர்.சி.ஐ. ஏற்பு உண்டா என்று பார்த்துவிட்டுத்தான் கட்டணம் கட்ட வேண்டும். ஆறு மாத "கவுன்சிலிங் டிப்ளமோ" விளம்பரங்களை நம்பித் தோடு அடகுவைத்த வீடுகள் நம்மிடையே உண்டு.

அதற்குப் பிறகு முனைவர் ஆய்வு. குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஆறு ஆண்டு. பெண்களுக்கு மேலும் இரண்டு ஆண்டு வரை சலுகை உண்டு, 240 நாள் மகப்பேறு விடுப்பும் உண்டு. எல்லாம் கூட்டினால் பிளஸ் டூவிலிருந்து பத்து, பன்னிரண்டு ஆண்டு. நூறு நாள் வேலைக்குப் போகும் வீட்டில் ஒரு பெண்ணைப் பன்னிரண்டு ஆண்டு படிக்கவைப்பது என்றால் சும்மா இல்லை. முதல் பட்டம் வரை அரசு கைகொடுக்கிறது. புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் வருகிறது, கல்வி உதவித்தொகை இருக்கிறது, விடுதி இருக்கிறது. ஆராய்ச்சிக்கு வந்துவிட்டால் பட்டியலினத்தவருக்கான தேசிய ஆய்வு உதவித்தொகை இருக்கிறது. நெட் தேர்வில் தகுதி பெற்றால் கிடைக்கும். இளநிலை ஆய்வாளருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். முழுநேர ஆய்வாளருக்குத் தமிழ்நாடு அரசு தனியாக ஆண்டுக்கு ஒரு லட்சம் ஊக்கத்தொகை தருகிறது. இரண்டு கரையிலும் படிக்கட்டு இருக்கிறது. நடுவில்தான் ஆற்றில் இறங்க வேண்டியிருக்கிறது. அந்த மருத்துவமனைப் பயிற்சிப் படிப்புக்கு இடங்கள் மிகக் குறைவு. பெங்களூரு நிம்ஹான்ஸ், சென்னைக் கீழ்ப்பாக்கம் போன்ற அரசு நிறுவனங்களில் சில இருக்கைகள், மிச்சம் தனியாரிடம் லட்சங்களில். நுழைவுத்தேர்வு ஆங்கிலத்தில். உளவியல் முதுகலை வரை வந்த நம் பிள்ளைகள் இந்த இடத்தில் நின்று, பி.எட். படிக்கப் போய்விடுகிறார்கள்.

உதவித்தொகை அறிவிப்பில் இருப்பது வங்கிக் கணக்கில் வருவதும் இல்லை, மாதக்கணக்கில் நிற்கிறது. இது சிறு குறை அல்ல. ஐதராபாத் பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவராக இருந்த ரோஹித் வெமுலாவின் உதவித்தொகை மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டிருந்தது. 2016 ஜனவரி 17 அன்று அவரை இழந்தோம். அடுத்த ஆண்டு மார்ச்சில், ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த நம் சேலத்து முத்துகிருஷ்ணனை இழந்தோம். உயர்கல்வி நிறுவனத்தின் வாசலுக்குள் போன பிறகும் காயம் தொடர்கிறது. அந்த வளாகங்களில் ஆலோசகர் அறை இருக்கும். அங்கே போய் "சாதி" என்ற சொல்லை உச்சரித்தால், எதிரே இருப்பவருக்கு அது புரிய வேண்டுமே. புரியாதவரிடம், நீ அதிகமாக யோசிக்கிறாய் என்ற பதில்தான் கிடைக்கும். இதைப் படிக்கிற எந்த மாணவருக்காவது இப்போது மனம் தாங்கவில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்கோ 104க்கோ அழையுங்கள். கட்டணம் இல்லை, இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

இந்த மண்ணுக்கு ஏணி ஏறிய கதை புதிதில்லை. ஆண்கள் மட்டும் படித்த புதுக்கோட்டை மன்னர் கல்லூரியில் முதல் பெண்ணாக முத்துலெட்சுமி சேர வந்தபோது, பெண் என்றும், தாய் தேவதாசி மரபினர் என்றும் சொல்லி எதிர்த்தார்கள். மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் அனுமதி தந்தார். அவர் 1912இல் சென்னையில் மருத்துவப் பட்டம் வாங்கி, தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டமன்றத்தில் நின்றதும், அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை உண்டாக்கியதும் எல்லோரும் அறிந்தவை. அங்கேயும் ஒருவர் கதவைத் திறந்துவிட வேண்டியிருந்தது. இப்போது மன்னர் இல்லை, அரசு இருக்கிறது.

அரசிடம் நாம் கேட்பது பெரிய தொகை இல்லை. 2017இல் தொடங்கிய புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரியில் ஆர்.சி.ஐ. ஏற்போடு மருத்துவ உளவியல் பயிற்சிப் படிப்பைக் கொண்டுவரலாம். தாட்கோ வழியாக எத்தனையோ போட்டித் தேர்வுகளுக்குப் பயிற்சி நடக்கிறது. இந்த நுழைவுத்தேர்வையும் அதில் சேர்க்கலாம். பயிற்சிப் படிப்பின் இரண்டு ஆண்டுக்கும், தனியார் நிறுவனமாக இருந்தாலும், முழுக் கட்டணத்தையும் ஆதிதிராவிடர் நலத்துறை ஏற்கலாம். மாநிலம் முழுவதற்கும் சேர்த்தே ஆண்டுக்குப் பத்திருபது பேர்தான் வருவார்கள். ஒரு சமுதாயக்கூடம் கட்டும் செலவுகூட ஆகாது என்றுதான் நினைக்கிறோம்.

இன்னொரு வேலை நம் கையிலேயே இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையிலான விழிப்பு மற்றும் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும். அதில் நம் சமூகத்தைச் சேர்ந்த அரசு சாரா உறுப்பினர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரும்பாலும் எத்தனை வழக்கு, எத்தனை பேருக்கு நிவாரணம், எவ்வளவு பாக்கி என்பதோடு கூட்டம் முடிந்துவிடும். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது அந்த உறுப்பினர்கள் ஒரு கேள்வியை எழுத்துமூலமாகக் கொடுத்து, பதிலையும் எழுத்துமூலமாகவே வாங்கி வர வேண்டும்: கடந்த மூன்று ஆண்டுகளில் புதுக்கோட்டை மாவட்டத்தில் பதிவான வன்கொடுமை வழக்குகளில், பாதிக்கப்பட்டவருக்கு மனதில் ஏற்பட்ட தீங்கை மருத்துவ உளவியலாளர் ஒருவர் மதிப்பிட்டு எழுதிய அறிக்கை எத்தனை வழக்குகளில் இணைக்கப்பட்டிருக்கிறது?